அந்தமான் செக்கின் முன் எழுந்த கேள்வி: ஒரு வழிகாட்டுச் சுற்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக ஒரு குழு அந்தமான் சென்றது. பயணத்தின் முக்கிய நோக்கம் போர்ட் பிளேரில் உள்ள செல்லுலார் சிறையைப் பார்ப்பது. 2024-இல் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டுவிட்டது. ஆனால் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பழைய பெயரையே சொன்னார்கள். நானும் இங்கே அதையே எழுதுகிறேன். சுற்றுலா வழிகாட்டிகளுக்குத் தமிழில் பயிற்சி தருகிறவன் என்ற முறையில், பயண ஏற்பாட்டாளரின் ஒப்புதலோடு உடன் சென்றேன். என் வேலை கவனிப்பது மட்டும். முடிவுகளை எடுத்தவர்கள் வழிகாட்டியும் ஏற்பாட்டாளரும். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வழிகாட்டி போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வரலாறு படித்தவர். இந்தி, வங்காளம், தமிழ் மூன்றிலும் சரளமாகப் பேசுவார். குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்; பேரப்பிள்ளைகள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். இந்த ஆய்வு பெரும்பாலும் வழிகாட்டியையும் தலைமையாசிரியரையும் பற்றியது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1857 எழுச்சி அடக்கப்பட்ட பிறகு, 1858-இல் ஆங்கிலேயர் அந்தமானில் தண்டனைக் குடியிருப்பை நிறுவினார்கள். சிறைக் கட்டடம் பிறகு வந்தது. 1896-இல் தொடங்கிய பணி 1906-இல் முடிந்தது. நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கிளைக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. மொத்தம் 690-க்கும் மேற்பட்ட கொட்டடிகள், கொட்டடிக்கு ஒரே ஒரு கைதி. இன்று மூன்று கிளைகளே நிற்கின்றன. இடிக்கப்பட்ட பகுதி இருந்த இடத்தில் அரசு மருத்துவமனை செயல்படுகிறது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். நுழைவாயிலை ஒட்டி அருங்காட்சியகக் கூடங்களும், உள்ளே செக்குக் கொட்டகை, தூக்குமேடை, கொட்டடி வரிசைகள், கோபுரத்தில் பெயர்ப் பலகைகளும் இருக்கின்றன.

சுற்றுக்கு முந்தைய மாலை

ஏற்பாட்டாளர் குழுவினருக்குக் கொடுத்திருந்த பயணக் குறிப்பில் அந்தமான் பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்தது: ‘வ.உ.சி. செக்கிழுத்த சிறையைக் காணுங்கள்.’ வழிகாட்டி இதை முந்தைய மாலையில்தான் பார்த்தார்.

வ.உ.சிதம்பரனார் அந்தமானுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 1908 மார்ச் 12 அன்று கைதானார். அதே ஆண்டு ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்தும் தண்டனை, விதித்தார். மேல்முறையீடுகளில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். தாமே எழுதிய சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘தீவாந்தரம்’, ‘செக்கு’ என்ற இரண்டும் சேர்ந்தால் மனம் அந்தமானுக்குத்தான் போகிறது. அந்தமானிலும் செக்கு உண்டு என்பதால் குழப்பம் இன்னும் வலுக்கிறது. தமிழ்க் குழுக்கள் வரும்போது ஏதோ ஒரு கொட்டடியைக் காட்டி ‘இதுதான் சிதம்பரனார் இருந்த அறை’ என்று சொல்லிவிடும் வழிகாட்டிகளும் உண்டு. கேட்பவர்கள் கண்கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். புகார் எதுவும் வராது.

அப்படிச் சொல்லப் போவதில்லை என்பதில் வழிகாட்டி உறுதியாக இருந்தார். எப்போது உண்மையைச் சொல்வது என்பதில்தான் அவருக்குக் குழப்பம். பஸ்ஸிலேயே சொன்னால் ஏற்பாட்டாளரின் தவறு எல்லோர் முன்னாலும் வெளிப்படும். சுற்று தொடங்கும் முன்பே வாக்குவாதம் வரும். நுழைவாயிலில் கூட்டமும் இரைச்சலும் அதிகம். எனவே செக்கின் அருகே நின்று சிதம்பரனாரின் கதையை முழுமையாகச் சொல்லி, அதற்குள்ளேயே இடத்தைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்தார். பொருளைக் கண்முன் வைத்துக்கொண்டு சொன்னால் ஏமாற்றம் குறையும் என்பது அவர் கணக்கு. காரணம் நியாயமானதுதான்.

முதல் அரைமணி

அருங்காட்சியகக் கூடங்களைக் குழு வேகமாகக் கடந்தது. கை, கால் விலங்குகள், சாக்குத் துணியில் தைத்த கைதி உடை, பழைய புகைப்படங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. விளக்க எழுத்துகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்ததால் முதியவர்கள் படிக்கச் சிரமப்பட்டார்கள். வழிகாட்டி இங்கே குறைவாகவே பேசினார். கண்ணாடிப் பெட்டிகளின் முன் நேரத்தைச் செலவிட்டால், வெயில் ஏறிய பிறகு முதியவர்களை மூன்று மாடி ஏற்ற முடியாது என்று அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

செக்குக் கொட்டகையில் நடந்தது

கொட்டகைக்குள் செக்கையும் அதை இழுக்கும் கைதியின் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும், வழிகாட்டி வாய் திறப்பதற்குள், தலைமையாசிரியர் முன்னே போய்விட்டார். பேரப்பிள்ளைகளை இருபுறமும் நிறுத்திக்கொண்டு, வகுப்பறைக் குரலில் பேசத் தொடங்கினார். தூத்துக்குடியில் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தது, 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியான செய்திகள், நல்ல தமிழ், கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கடைசியில் செக்கின் மரத்தைக் காட்டி, “அந்த மனிதர் மாட்டைப் போல இழுத்தது இந்தச் செக்கைத்தான்” என்று முடித்தார். குழுவில் சிலர் கைகூப்பினார்கள்.

வழிகாட்டியின் திட்டம் இங்கே உடைந்தது. தாம் சொல்ல நினைத்த கதையை வேறொருவர் சொல்லி முடித்துவிட்டார்; அதுவும் மூத்தவர், பேரப்பிள்ளைகளின் முன்னால். இனித் திருத்தினால் அந்த மனிதரையே திருத்துவதாக ஆகிவிடும். திருத்தாமல் விட்டால் அந்தக் குழந்தைகள் இதையே இறுதிவரை நம்புவார்கள். அவர் சில விநாடிகள் தயங்கியதைக் கண்டேன்.

தலைமையாசிரியரின் பேச்சில் குறுக்கிடாமல் வழிகாட்டி முழுவதையும் கேட்டது நல்ல முடிவு. அதன் பிறகு அருகில் சென்று, “ஐயா, நீங்கள் சொன்னதில் ஒன்றுதான் மாற வேண்டும். இடம். சிதம்பரனார் செக்கிழுத்தது கோவைச் சிறையில்” என்றார்.

“வகுப்பில் காலம் முழுக்க இதைத்தானம்மா சொல்லிக்கொடுத்தேன். உனக்கு யார் சொன்னது?”

“அவரே எழுதி வைத்திருக்கிறார், ஐயா.”

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. முகம் இறுகிவிட்டது. பேரன் அவரையும் வழிகாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “தீர்ப்பில் தீவாந்தரம் என்றுதானே இருந்தது?” என்று கேட்டார். ஆமாம், தீர்ப்பு அப்படித்தான், ஆனால் தண்டனையைக் கழித்த இடம் வேறு என்று வழிகாட்டி விளக்கினார். இன்னொருவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “அந்தப் பெண் சொல்வது சரிதான்” என்று உரக்கச் சொன்னார். அதைச் சொன்ன விதம் தலைமையாசிரியரை மேலும் புண்படுத்தியது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்படியென்றால் இங்கே நமக்கு என்ன இருக்கிறது?”

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கேள்வியைத்தான். அது வெறுப்பில் கேட்டதல்ல. இவ்வளவு தொலைவு கடல் தாண்டி வந்தவர்கள், தங்கள் மண்ணின் மனிதர் ஒருவரை இங்கே சந்திப்போம் என்று நம்பி வந்தவர்கள். அந்த நம்பிக்கையைப் பறித்த பிறகு அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டிய கடமை வழிகாட்டிக்கு இருக்கிறது.

வழிகாட்டியின் இரண்டாவது முடிவு

அவர் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லவில்லை. “அதைக் கோபுரத்தில் பேசுவோம். இப்போது இந்தச் செக்கை இழுத்தவர்கள் யார் என்று கேளுங்கள்” என்றார். ஒரு நாளைக்கு ஒரு கைதி 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். அளவு குறைந்தால் கசையடி, நின்ற நிலையில் கைவிலங்கு. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது இன்னொரு வேலை என்று விவரித்தார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று வந்த வங்காள இளைஞர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், உடலுழைப்புக்குப் பழகாதவர்கள். அவர்களில் ஒருவரான இந்துபூஷண் ராய் 1912-இல் தம் கொட்டடியில் தூக்கிட்டு இறந்தார். உல்லாஸ்கர் தத் காய்ச்சலோடு விலங்கில் தொங்கவிடப்பட்டு மனநிலை பாதிக்கப்பட்டார். “அவரை இங்கிருந்து எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சென்னை மனநல மருத்துவமனைக்கு” என்று வழிகாட்டி சொன்னபோது குழு நிமிர்ந்து பார்த்தது. சென்னை என்ற ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

கொட்டடிக்குள்

அடுத்து முதல் மாடி. ஒவ்வொரு கொட்டடியும் ஏறத்தாழ பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். பின்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சிறு சாளரம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால், எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது.

இங்கே வழிகாட்டி பேச்சைக் குறைத்துக்கொண்டார். விரும்பியவர்களை ஒருவர் ஒருவராக உள்ளே போய் நிற்கச் சொன்னார். கதவைப் பூட்டவில்லை, சாத்தவும் இல்லை. மூடிய இடத்தில் மூச்சுத் திணறுபவர்கள் குழுவில் இருக்கக்கூடும் என்பது காரணம். சரியான எச்சரிக்கை. பூட்டு அமைப்பை வெளியிலிருந்து காட்டினார். நீண்ட தாழ்ப்பாள் கதவிலிருந்து விலகி, சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் முடிகிறது. உள்ளிருந்து கம்பிகளுக்கிடையே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. தலைமையாசிரியரின் பேரன் உள்ளே நின்று கையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. தோள் கம்பியில் அழுந்த மறுபடி முயன்றான். பிறகு, யாரும் கேட்காமலே, “பக்கத்து அறையில் தாத்தா இருந்தால்கூட எனக்குத் தெரியாதா?” என்று கேட்டான்.

வழிகாட்டி இதைப் பிடித்துக்கொண்டார். சாவர்க்கர் சகோதரர்கள் இருவரும் இதே சிறையில் இருந்தார்கள், நெடுங்காலம் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது என்றார். அங்கிருந்து மேல்மாடியில் உள்ள விநாயக் தாமோதர் சாவர்க்கரின் கொட்டடிக்குச் சென்றோம். அவர் அளித்த கருணை மனுக்களைப் பற்றி ஒருவர் சற்றுக் காரமாகக் கேட்டார். அவர் 1911 முதல் 1921 வரை இங்கே இருந்தார், மனுக்கள் கொடுத்தார், அவற்றின் வாசகங்கள் ஆவணங்களில் உள்ளன, படித்து நீங்களே முடிவு செய்யலாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு நகர்ந்தார். கூடவே ஒரு செய்தி: சாவர்க்கரை ‘மகாராஜா’ என்ற கப்பலில் ஏற்றியது சென்னைத் துறைமுகத்தில்.

தூக்குமேடை

இங்கே நேரம் குறைவு, சிக்கலும் சிறியது. ஒரே நேரத்தில் மூவரைத் தூக்கிலிடும் அமைப்பு, மேலே கயிறுகள். குழுவின் இளையவர்கள் இருவர் கயிற்றின் கீழ் நின்று படம் எடுக்க முனைந்தார்கள். வழிகாட்டி கண்டிக்கவில்லை. “இங்கே இறந்தவர்களின் வீட்டுக்காரர்கள் இன்றும் இந்த ஊருக்கு வருகிறார்கள்” என்று மட்டும் சொன்னார். இருவரும் கைபேசியை இறக்கிவிட்டார்கள். தடை அறிவிப்புப் பலகையைவிட இப்படிச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது என்பதை வேறு குழுக்களிலும் பார்த்திருக்கிறேன்.

பெயர்ப் பலகைகளின் முன்

கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளப் பெயர்களே மிகுதி. தலைமையாசிரியர் செக்குக் கொட்டகைக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இங்கே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பலகைகளை வரிசையாக, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தேடுவது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழிகாட்டி இப்போதுதான் அந்தக் கேள்விக்குத் திரும்பினார். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. மலபாரும் கோதாவரியும் அதில் அடக்கம். 1921 மலபார் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட மாப்பிளாக்கள் (மலபார் முஸ்லிம்கள்) பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தீவில் வாழ்கிறார்கள். 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜுவின் தலைமையில் கோதாவரி மலைப்பகுதியில் நடந்த ரம்பா எழுச்சியில் பிடிபட்டவர்களும் இங்கே வந்தார்கள். தமிழ் மண்ணிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள் அதற்கும் முன்னால் வேறு திசையில் போனார்கள்: மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட மறு ஆண்டு, 1802-இல், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தமான் சிறை கட்டப்படுவதற்கு 90 ஆண்டுகளுக்கும் முன்பே நடந்தது இது.

துரைசாமியின் பெயர் வந்ததும் தலைமையாசிரியர் திரும்பினார். “அது எனக்குத் தெரியும்” என்றார். குரலில் கோபம் இல்லை. பினாங்குப் பயணத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை அவரே தொடர்ந்து சொன்னார். வழிகாட்டி ஒதுங்கி நின்று கேட்டார். இது திட்டமிட்டதா, தற்செயலா என்று பின்னர் அவரிடம் கேட்டேன். தலைமையாசிரியருக்குப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது, கொட்டகையில் அதைத் தாம் பறித்துவிட்டோம் என்று தோன்றியது என்றார்.

சுற்றின் கடைசிப் பகுதி 1933 உண்ணாவிரதம். வெளிச்சம், உண்ணத்தக்க உணவு, படிக்கப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டுக் கைதிகள் பட்டினி கிடந்தார்கள். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவரும் அந்த மே மாதத்தில் இறந்தார்கள். புத்தகத்துக்காக உயிரை விட்டார்கள் என்பது ஆசிரியர்கள் நிறைந்த அந்தக் குழுவை மிகவும் பாதித்தது. சிறைக்கு எதிரில் உள்ள பூங்காவில் மூவருக்கும் சிலை இருக்கிறது. சுற்று முடிந்த பிறகு பாதிப் பேர் தாங்களாகவே அங்கே போனார்கள்.

விளைவு

பயணம் முடிந்ததும் ஏற்பாட்டாளருக்கு இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, வழிகாட்டி மூத்தவரை அவமதித்தார் என்பது. மற்றொன்று, குறிப்பில் அச்சிட்டதைக் காட்டவில்லை என்பது. தலைமையாசிரியர் புகார் எதுவும் அனுப்பவில்லை. மாறாக ஏற்பாட்டாளருக்கு எழுதிய கடிதத்தில், அந்தமான் பக்கத்தின் தலைப்பைத் திருத்தும்படியும், அடுத்த பயணத்தில் கோவையையும் சேர்க்கும்படியும் கேட்டிருந்தார். வழிகாட்டியைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

ஏற்பாட்டாளர் தலைப்பை மாற்றினார். அவமதித்தார் என்ற புகாரில் என்னிடம் கருத்துக் கேட்டார். குறுக்கிடாமல் கேட்டு, மரியாதையோடு சொல்லி, பிறகு பேச இடமும் கொடுத்த ஒருவரை அவமதித்தார் என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஏற்று, அதே வழிகாட்டியை அடுத்த குழுவுக்கும் அமர்த்தினார். பயணக் குறிப்பை அச்சிடும் முன் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

மாற்ற வேண்டியவை

திருத்தத்தைச் செக்கு வரை தள்ளிப்போட்டது வேலை செய்யவில்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் இடத்தில் செய்தியைத் திருத்தினால் அடி பலமாக விழுகிறது. முந்தைய மாலை தங்குமிடத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, சிதம்பரனாரின் சிறை வாழ்க்கையைத் தனிப் பேச்சாகவே வைத்திருக்கலாம். அப்போது மூத்தவர்கள் மறுக்கலாம், கேட்கலாம், இரவெல்லாம் யோசிக்கலாம். பேரப்பிள்ளைகளின் முன் தலைகுனிய நேராது. இந்த வழிகாட்டி இப்போது இப்படித்தான் செய்கிறார். ஏற்பாட்டாளரின் தவறு வெளிப்படுமே என்ற தயக்கத்துக்கு இதில் இடமே இருக்கக் கூடாது.

வழித்தடத்தின் வரிசையையும் மாற்றலாம் என்பது என் பரிந்துரை. கொட்டடியை முதலில் காட்டி, செக்கைப் பிறகு காட்டினால், தனிமையே இங்கே முதல் தண்டனை என்பது மனத்தில் பதியும். உழைப்பின் கொடுமை அதன் மேல் வந்து சேரும். முதியவர்களுக்கு ஏற்றமும் வெயிலுக்கு முன் முடிந்துவிடும்.

இன்னொரு குறை பெரியது. சிறையின் ஜப்பானியக் காலம் இந்தச் சுற்றில் ஒரு வாக்கியத்தோடு போய்விட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அதே காலத்தில் உளவாளிகள் என்ற ஐயத்தில் உள்ளூர் இந்தியர்கள் இதே கொட்டடிகளில் வதைக்கப்பட்டார்கள். மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் 1944 ஜனவரியில் இங்கே சித்திரவதையால் இறந்தார். அதே மாதம் 30 அன்று தெற்கு அந்தமானில் உள்ள ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தமான்வாசிகளுக்கு இது சொந்த வீட்டுத் துயரம். வெளியூர்க் குழுக்கள் கேட்பதில்லை என்பதால் வழிகாட்டிகளும் சொல்லாமல் விடுகிறார்கள். அடுத்த பயிற்சியில் இதற்குக் குறைந்தது கால் மணி நேரம் ஒதுக்கும்படி பாடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியை இந்த வழிகாட்டியே மற்ற வழிகாட்டிகளுக்கு நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்.